தீ யார் பக்கம்?

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ‘காட்டுத் தீ’ ஓவியத்தின் உயரம் 3 மீட்டர்; அகலம் ஏறத்தாழ 4 மீட்டர். ஜாவாவில் பிறந்து ஐரோப்பாவில் ஓவியம் பயின்ற ராடன் சாலே 1849ல் தீட்டியது. நெருப்பு துரத்த, புலிகளும் காட்டு மாடுகளும் மலை விளிம்புக்கு ஓடி வருகின்றன. அதற்குமேல் ஓட இடமில்லை.

சென்ற பருவத்தில் இந்த ஓவியத்தைப் பற்றி நான் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அந்தக் கால ஜாவாவில் புலியையும் எருமையையும் மோதவிடும் வழக்கம் இருந்தது. புலியை ஐரோப்பியராகவும் எருமையை ஜாவானியராகவும் மக்கள் கண்டார்கள் என்று ஒரு நூலில் படித்தேன். உடனே, “இது டச்சு ஆட்சிக்கு எதிரான ஓவியம்” என்று எழுதிவிட்டேன்.

கட்டுரை ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: “இதை ஓவியத்தில் எங்கே பார்த்தீர்கள்?”

பதில் தேடி மறுபடியும் கலைக்கூடத்துக்குப் போனேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் தம்பியும் கூட வந்தான். என் விளக்கத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவன் ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: “அக்கா, புலி எதிரி என்றால் அதுவும் ஏன் ஓடுகிறது? தீ யார் பக்கம்?”

என்னிடம் பதில் இல்லை. நான் படித்ததைத்தான் ஓவியத்தின்மேல் ஏற்றியிருந்தேன்; ஓவியத்தைப் படிக்கவில்லை. ராடன் சாலே இதை 1850ல் டச்சு மன்னர் மூன்றாம் வில்லெமுக்கு அன்பளிப்பாகத் தந்தார் என்பதும் என் வாதத்துக்கு இடித்தது. அதனால்தானோ என்னவோ, அந்தத் தகவலைக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

இரண்டாம் முறை எழுதும்போது வரிசையை மாற்றினேன். முதலில் கண்ணில் படுவது, அடுத்து வரலாறு, கடைசியில் என் கருத்து. வேட்டையாடும் விலங்கையும் இரையாகும் விலங்கையும் ஒரே ஆபத்து ஒரே விளிம்பில் நிறுத்துகிறது. அவை தப்பினவா, விழுந்தனவா என்று ஓவியர் சொல்லவில்லை. இதை மட்டும் உறுதியாக எழுதினேன். அரசியல் பொருளை, “இப்படியும் பார்க்கலாம்” என்று தள்ளி வைத்தேன்.

அடுத்த முறை ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போது, பக்கத்திலுள்ள விளக்கக் குறிப்பை உடனே படிக்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். முடிந்தால் ஒரு தம்பியையோ தங்கையையோ கூட்டிச் செல்லுங்கள்.