பொட்டலத்தோடு நின்றுவிடும் பாதுகாப்பு

குறிப்பிட்ட ஓர் உணவை உண்டபின் வயிறு உப்புவதும், தோல் தடிப்பதும், வாந்தி எடுப்பதும் பெரும்பாலும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டு, அந்த உணவைக் கைவிடுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் இவற்றின் பின்னணியில் வெவ்வேறான மூன்று காரணங்கள் உள்ளன. நோயெதிர்ப்பு மண்டலம் தீங்கற்ற உணவுப் புரதத்தைப் பகையென்று கருதித் தாக்குவது ஒவ்வாமை. செரிமானத்துக்கு வேண்டிய நொதி குறைந்திருப்பதால் உணவு முழுதும் செரியாமல் தொல்லை தருவது ஏற்பின்மை. உணவிலேயே கிருமியோ நச்சுப்பொருளோ கலந்திருப்பது நஞ்சேற்றம். முதலிரண்டும் உண்பவரின் உடலைப் பொறுத்தவை; மூன்றாவது விற்பவரின் பொறுப்பில் வருவது. இவற்றைப் பிரித்தறியாதவரை நல்ல உணவு வீணாக விலக்கப்படுவதும், தண்டிக்கத்தக்க தவறு கேள்வியின்றித் தப்புவதும் தொடரும்.

நெல்லை மாவட்டக் களக்காட்டில் இதை விளக்க வாழைப்பழமே போதும். மலையடிவாரத்தில் விளைந்து கேரளச் சந்தைகள்வரை செல்லும் ஏத்தன் வாழையின் பழத்தைத் தின்றதும் ஒருவருக்கு உதடும் நாவும் அரிப்பெடுத்தால், இயற்கை ரப்பர் பாலில் உள்ள புரதமும் வாழைப்பழப் புரதமும் ஒத்திருப்பதால் எழும் ஒவ்வாமையாக அது இருக்கலாம். அண்டையிலுள்ள குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் வேலை செய்வோரும், நாள்தோறும் ரப்பர் கையுறை அணிவோரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் இதைச் சொல்லத் தவறினால், கையுறையே ஆபத்தாக முடியக்கூடும். அதே பழம் கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சங்கள் இருப்பதால், எந்த ஒவ்வாமையும் இல்லாதவருக்கும் தொண்டை எரிச்சலும் வாந்தியும் வரலாம். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இப்படிப் பழுக்கவைப்பதைத் தடை செய்துள்ளன. எத்திலீன் வாயுவுக்கு மட்டும், பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுவரை, அனுமதி உண்டு. காம்பு பச்சையாகவே இருக்கத் தோல் மட்டும் சீராக மஞ்சளாவது ஐயத்துக்கு இடம் தரலாமேயன்றி, கண்ணால் பார்த்து முடிவுகட்ட இயலாது. ஆய்வகமே உறுதி சொல்ல வேண்டும்.

பாலைப் பொறுத்தவரை அச்சம் அளவுக்கு மீறியே உள்ளது. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்துக்குப்பின் குறைவது மனித இனத்தில் பெரும்பான்மையோருக்கு இயல்பானது. அந்த நொதியை முதுமைவரை நீடிக்கவைக்கும் மரபணு மாற்றம் இந்தியாவில் வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கிக் குறைந்துகொண்டே வருவதை மரபியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஒரு தம்ளர் பாலில் வயிறு இரைவது தாமிரபரணிக் கரையில் நோய் ஆகாது. அப்படி வயிறு இரைவோருள் பலருக்குத் தயிரும் மோரும் தொல்லை தருவதில்லை. பால் புரதத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் மோரும் ஆபத்து.

கோதுமையில் கதை தலைகீழ்; அங்கே அச்சம் போதாது. குளூட்டன் என்னும் கோதுமைப் புரதத்தால் சிறுகுடலின் உட்சுவர் சிதையும் சீலியாக் நோய், 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட இந்திய வயதுவந்தோரில் 1.23 விழுக்காட்டினருக்கும் தென்னிந்தியரில் 0.10 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அந்நோய்க்கு இடந்தரும் மரபணு இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. நாளொன்றுக்கு உண்ட கோதுமையோ வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். இரவு உணவு பரோட்டாவாகவும், நீரிழிவுக்காரரின் உணவு சப்பாத்தியாகவும் மாறிவரும் நெல்லைச் சீமையில் இந்த இடைவெளி அப்படியே நீடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நீண்டநாள் வயிற்றுப்போக்கும் காரணம் தெரியாத இரத்தசோகையும் உள்ளவர்கள் இதற்குரிய இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் நோய் மறைந்துகொள்ளும் என்பதால், முடிவு தெரியும்வரை உண்டுவர வேண்டும். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ‘ஐஜிஜி’ என்னும் எதிர்ப்பொருளின் அளவு பார்த்துத் தரும் விலையுயர்ந்த பட்டியல்களோ பயனற்றவை. அந்த அளவு ஒருவர் அவ்வுணவை உண்டிருக்கிறார் என்பதைக் காட்டுமேயன்றி நோயைக் காட்டாது.

உயிருக்கு உலைவைப்பது அனாபிலாக்ஸிஸ் எனப்படும் தீவிர ஒவ்வாமை. உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உடலெங்கும் தடிப்பு எழுந்து, உதடு வீங்கி, மூச்சு இரைத்து, இரத்த அழுத்தம் சரியும். தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே இதற்கு முதல் மருந்து. அவில், செட்ரிசின் போன்ற அரிப்பு மாத்திரைகள் அரிப்பைத் தணிக்குமேயன்றி உயிரைக் காக்கா. நோயாளியை எழுப்பி நடக்கவிடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, 108-ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும். களக்காட்டிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு நேரே விரைவது பொன்னான நிமிடங்களை வழியில் இழப்பதாகும். குணமான சில மணி நேரத்தில் மீண்டும் தாக்கக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பதும் இன்றியமையாதது.

ஒவ்வாமை உள்ளோர்க்குச் சட்டம் தரும் காப்பு ஓரளவு வலுவானதே. 2020-ஆம் ஆண்டின் முத்திரையிடல் (லேபிள்) ஒழுங்குமுறைகளின்படி குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி போன்ற கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட் ஆகிய எட்டு வகைகளைப் பொட்டலத்தில் அறிவித்தாக வேண்டும். விதிமீறிய முத்திரையிடலுக்கு 3 லட்சம் ரூபாய்வரை தண்டம் உண்டு. அமெரிக்காவில் 2023 முதல் கட்டாயமாகிவிட்ட எள் இந்தப் பட்டியலில் இல்லை என்பது, எள்ளுப்பொடியும் எள்ளுருண்டையும் உண்ணும் நாட்டுக்குப் பெருங்குறை. அதைவிடப் பெரிய குறை, இந்தக் காப்பு பொட்டலத்தோடு நின்றுவிடுவது. உணவகங்களில் பட்டியலிட்டு அறிவிக்கும் கடமை மத்திய உரிமம் பெற்றவற்றுக்கும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவற்றுக்குமே உண்டு. கூட்டுப் பெருங்காய டப்பாவில் கோதுமை மாவு சேர்ந்திருப்பது பொடி எழுத்திலாவது அச்சிடப்பட்டிருக்கும். அது சிறு உணவகத்தின் சாம்பாரில் கரைந்து இலைக்கு வரும்போது அந்தச் செய்தியைச் சொல்ல யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. நிறுத்துத் தரும் அல்வாவும் ஏத்தங்காய் வற்றலும் இதே நிலையில்தான் உள்ளன. எள் கலந்த ரொட்டியை உண்டு 2016-இல் இறந்த நடாஷா எட்னான்-லாப்ரூஸ் என்ற சிறுமியின் பெற்றோர் போராடியதன் விளைவாக, கடையிலேயே கட்டி விற்கும் உணவுக்கும் முழு உட்பொருள் பட்டியலை இங்கிலாந்து 2021 அக்டோபரில் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டு மக்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அதுவரை, வாங்குமுன் வாய்விட்டுக் கேட்பதே வழி.

நஞ்சேற்றத்தில் சட்டம் இன்னும் கடுமை காட்டுகிறது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். ஷவர்மாவோடு பரிமாறப்படும் பச்சை முட்டை மயோனைசை 2025 ஏப்ரலில் மாநில அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற உணவால் இறந்தவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம்வரையும், மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம்வரையும் இழப்பீடு வழங்க இடமளிக்கிறது. 40-ஆம் பிரிவின்படி நுகர்வோரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கச் செய்யலாம். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதிக்கும் எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, உண்டபின் நோயுற்றவருக்கு இந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. அத்தகையோர் மிஞ்சிய உணவைக் குளிர்பெட்டியில் வைத்து, ரசீதோடு, உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்தால், அலுவலரே கடையிலிருந்து மாதிரி எடுக்க இயலும். மருத்துவரின் குறிப்பில் உண்ட பொருளும், உண்ட நேரமும், அறிகுறி தொடங்கிய நேரமும் பதியப்படும்படி கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை; இழப்பீட்டை முடிவுசெய்யும் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னும், 2 ஆண்டுக்குள் அணுக வேண்டிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், பல வழக்குகள் நிற்பதும் வீழ்வதும் அந்த ஒரு தாளைப் பொறுத்தே.