சிவப்பு லைட் எரியுது, டிவி மட்டும் வரலை

அம்மா போனில் சொன்னது இதுதான்: "சிவப்பு லைட்டு எரியுதுடா. ரிமோட்டை அமுக்கினா கண்ணைச் சிமிட்டுது. படம் வர மாட்டேங்குது."

ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் கேட்கும் ஒரே பேச்சுக்குரல் டிவியுடையதுதான். பார்க்க வந்த மெக்கானிக், பின்மூடியைக் கழற்றாமலே "போர்டு போச்சும்மா, 7,000 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டு வருடப் பழைய 32 இன்ச் எல்இடி டிவி. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். போகுமுன் படித்ததையும் போய்ப் பார்த்ததையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

"டிவி ஆன் ஆகலை" என்று நாம் ஒரே வரியில் சொல்வது உண்மையில் மூன்று வேறு வேறு நோய்கள். எது என்று பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

1. லைட்டே எரியவில்லை. முதலில் அதே பிளக் பாயின்ட்டில் மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஸ்டெபிலைசர் இருந்தால் அதைத் தவிர்த்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். அதுவும் சரியென்றால் உள்ளே ஃபியூஸ் போயிருக்கலாம். ஃபியூஸ் சும்மா போகாது. அதற்குப் பின்னால் ஏதோ ஷார்ட் ஆகியிருக்கும். தெருவில் நியூட்ரல் கட் ஆனால் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் பக்கம்கூட வந்துவிடும். அப்போது ஃபியூஸுக்குப் பக்கத்தில் வில்லை மாதிரி இருக்கும் வேரிஸ்டர், தான் ஷார்ட் ஆகி ஃபியூஸை எரித்து மற்றதைக் காப்பாற்றப் பார்க்கும். இது தெரியாமல் ஃபியூஸ் இடத்தில் கம்பியைச் சுற்றினால், அடுத்து எரிவது போர்டு.

2. சத்தம் வருது, படம் இல்லை. இருட்டில் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைந்தால் பெரும்பாலும் பின்னாலிருக்கும் பேக்லைட்தான் போயிருக்கிறது. அதன் எல்இடிகள் சீரியல் செட் மாதிரி வரிசையாக இணைந்தவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசையே அணையும். ஸ்ட்ரிப் மாற்றினால் சரியாகும்.

3. லைட் எரியுது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அம்மாவுடையது இது.

ரிமோட்டை அமுக்கினால் லைட் சிமிட்டுகிறது என்றாலே ரிமோட் நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். (சந்தேகம் இருந்தால் ரிமோட்டின் முனையை போனின் முன்பக்க கேமராவில் காட்டி அமுக்குங்கள், பொட்டு வெளிச்சம் தெரியும்.) பிளக்கைப் பிடுங்கி, டிவியின் பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, சில நிமிடம் விட்டு மறுபடி போட்டேன். சாஃப்ட்வேர் சிக்கியிருந்தால் இதிலேயே சரியாகும். ஆகவில்லை.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஒரே நாள்ல நின்னுச்சாம்மா?"

"இல்லடா. ரெண்டு மாசமாவே நாலஞ்சு தடவை அமுக்கினாத்தான் வரும். வந்துட்டா அப்புறம் நல்லா ஓடும்."

இதைத்தான் அந்த மெக்கானிக் கேட்கவே இல்லை. பவர் சப்ளையில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டில் அது காய்கிறது. காயக் காய உள்மின்தடை கூடும். சிவப்பு லைட்டுக்குக் கொஞ்சம் கரன்ட் போதும், அதனால் எரிகிறது. டிவி முழுதாக எழும்போது நிறையக் கரன்ட் கேட்கும். வோல்டேஜ் சரிந்து, மறுபடி தூங்கப் போய்விடும். நாலைந்து தடவை முயன்றதில் கெப்பாசிட்டர் கொஞ்சம் சூடாகும்போது அந்தத் தடை குறைகிறது, டிவி வந்துவிடுகிறது. கடைசியில் ஒருநாள் சூடும் போதாமல் போகிறது.

மூடியைத் திறந்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரில் அளந்து, வடிந்துவிட்டது என்று உறுதியாகும்வரை போர்டைத் தொடாதீர்கள். மீட்டர் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். பழைய குண்டு டிவி என்றால் நான் தொடவே மாட்டேன். அந்தப் பிக்சர் டியூபில் ஓடுவது 20,000 வோல்ட் கணக்கு.

12 வோல்ட் பக்கம் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. தட்டையாக இருக்க வேண்டும். (உப்பாமலும் கெட்டுப் போவதுண்டு, அதற்குத் தனி மீட்டர் வேண்டும்.) எனக்குச் சால்டரிங் கை வராது. பஜாரில் மிக்ஸி, ரேடியோ பார்க்கும் ஒரு பெரியவரிடம் போர்டைக் கொண்டுபோனேன். "தம்பி, எம்எஃப்டி அதேதான் இருக்கணும். வோல்ட் கூட இருக்கலாம், குறையக் கூடாது. மைனஸ் பக்கம் மாறிச்சுன்னா வெடிக்கும்" என்றபடி மாற்றினார். சாதாரணமானது வேண்டாமென்று 105 டிகிரி போட்டதாகத் தேடி எடுத்தார். பிறகு சீரிஸ் பல்பு வழியாகக் கரன்ட் கொடுத்தார். ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்தபடியே நிற்கும். இது ஒருமுறை மின்னி மங்கியது. கூலியும் பொருளுமாக 130 ரூபாய்.

அந்த 105 டிகிரியில் ஒரு கணக்கு இருக்கிறது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டருக்கு, சூடு 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 75 டிகிரியில் 16,000 மணி. 65 டிகிரியில் 32,000 மணி. தினம் ஆறு மணி நேரம் ஓடினால் முதலாவது 7 வருடம், இரண்டாவது 14 வருடம். அம்மாவின் டிவி மூன்று பக்கமும் அடைத்த ஷோகேஸுக்குள் எட்டு வருடம் இருந்தது.

எல்லா டிவியும் 130 ரூபாயில் பிழைக்காது. திரை விரிசல் விட்டாலோ பேனலே போயிருந்தாலோ, அது புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஆனால் "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், திறந்து பார்த்துத்தான் சொல்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

டிவியை ஷோகேஸை விட்டு வெளியே எடுத்து, ஒரு மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். இப்போது அம்மா போன் பண்ணும்போது பின்னால் சீரியல் சத்தம் கேட்கிறது. சவுண்டைக் குறைக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.