தொற்றை வளர்த்த விடுதிகள்: தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களும் எச்.ஐ.வி.யும்

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் 1886ஆம் ஆண்டு தங்கம் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே, அங்குள்ள பாறையில் தங்கம் மிகக் குறைவாகவே கலந்திருக்கிறது என்பதும், அதை எடுக்க நிலத்துக்குள் வெகு ஆழம் இறங்க வேண்டும் என்பதும் முதலாளிகளுக்குத் தெரிந்துவிட்டன. உலகச் சந்தையில் தங்கத்தின் விலை நிலையாகக் கட்டப்பட்டிருந்ததால், ஆதாயம் வேண்டுமானால் கூலியைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி ஆகிய நாடுகளிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் சொந்தக் கிராமப்புறங்களிலிருந்தும் ஆண்கள் மட்டும் ஒப்பந்த அடிப்படையில் கொண்டுவரப்பட்டு, ஓர் அறையில் பலர் தங்கும் சுரங்க விடுதிகளில் குடியமர்த்தப்பட்டனர். மனைவியையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துவர அனுமதி இல்லை. குடும்பத்தைக் காக்கும் செலவைக் கிராமத்து நிலமே ஏற்றுக்கொள்ளும் என்ற கணக்கின்மேல்தான் அந்தக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. பிற்காலத்தில் எச்.ஐ.வி. பரவல் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி இந்தக் கணக்கிடமே வந்து சேர்கின்றன.

இந்தக் கூலிமுறையின் நோய்விளைவு எச்.ஐ.வி. தோன்றுவதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது என்பதுதான் இவ்வரலாற்றில் மிகவும் உறுத்தும் பகுதி. நாட்டல் மாகாணத்தின் போலேலா என்னும் ஊரகப் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் சிட்னி கார்க், சிஃபிலிஸ் என்னும் மேகநோயின் பரவலை ஆராய்ந்து 1949இல் எழுதிய கட்டுரையில், அதன் வேர் ஆப்பிரிக்கரின் ஒழுக்கத்தில் இல்லை, கணவனையும் மனைவியையும் ஆண்டுக்கணக்கில் பிரித்துவைக்கும் புலம்பெயர் கூலிமுறையில் இருக்கிறது என்று காட்டியிருந்தார். பாதை முன்னரே போடப்பட்டிருந்தது. 1980களில் புதிய கிருமி ஒன்று அதில் வந்து சேர்ந்தது.

அப்போது எடுக்கப்பட்ட முதல் நடவடிக்கை தடுப்பு அன்று, வெளியேற்றம். 1986இல் சுரங்கத் தொழிலாளரிடம் நடத்தப்பட்ட இரத்தச் சோதனைகளில், மலாவியிலிருந்து வந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்குத் தொற்று இருந்ததும், ஏனையோரிடம் அது மிக அரிதாக இருந்ததும் தெரிந்தன. அடுத்த ஆண்டே தொற்றுள்ள அயல்நாட்டினரைத் தடுக்கும் விதிகள் வந்தன. 1988க்கும் 1992க்கும் இடையில் ஏறத்தாழ 13,000 மலாவித் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். விடுதிகளோ அப்படியே இருந்தன. நாடு முழுவதும் கருவுற்ற பெண்களிடையே எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 1990இல் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த தொற்று, 1999இல் 22 விழுக்காட்டைத் தாண்டியது. நோயை அயலானின் உடலோடு சேர்த்து எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம் என்ற நம்பிக்கை இவ்வளவு வெளிப்படையாகத் தோற்ற பின்னும், அது வழக்கொழியவில்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் தமிழர்கள் ஊரிலேயே 'மெடிக்கல்' தேற வேண்டியிருப்பதும், அங்கே போனபின் தொற்று தெரியவந்தால் சிகிச்சைக்குப் பதிலாகத் திரும்பும் பயணச்சீட்டு கிடைப்பதும் அதே நம்பிக்கையின் தொடர்ச்சிதான். சோதனை வேலையைப் பறிக்குமானால், சோதனையைத் தவிர்ப்பதுதான் தொழிலாளிக்கு அறிவுடைமையாகிறது.

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தென்மேற்கே உள்ள கார்லட்டன்வில் என்னும் சுரங்க நகரில் 1990களின் இறுதியில் நடந்த முயற்சி வேறு வகையானது. அங்கு 1998இல் எடுத்த கணக்கெடுப்பில் சுரங்கத் தொழிலாளரில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கும், சுரங்கங்களை ஒட்டிய குடிசைப் பகுதிகளில் இருந்த பாலியல் தொழிலாளரில் மூன்றில் இரு பங்கினருக்கும் தொற்று இருந்தது. அந்தப் பெண்களிலும் பலர் பிழைப்புத் தேடி வேறிடங்களிலிருந்து வந்தவர்களே என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். பால்வினை நோய்களுக்கு மருத்துவம், இலவச ஆணுறை, சக தொழிலாளர் மூலம் விழிப்புணர்வு என்று திட்டம் முறையாகவே வகுக்கப்பட்டிருந்தும், எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அதன் காரணங்களை 2003இல் ஒரு நூலாக எழுதிய சமூக உளவியலாளர் கேத்தரின் கேம்பெல், அறியாமையைக் குற்றம் சாட்டவில்லை. தொழிலாளருக்கு நோயைப் பற்றிப் போதிய அளவு தெரிந்தே இருந்தது. ஆனால் பாறைச் சரிவு எந்த நேரமும் உயிரைப் பறிக்கக்கூடிய ஆழத்தில் அன்றாடம் வேலை செய்பவனுக்கு, பல ஆண்டுகள் கழித்துக் கொல்லப்போகும் கிருமி பெரிய அச்சமாகப் படுவதில்லை. அந்த ஆழத்துக்கு இறங்கும் துணிவைத் தருகிற ஆண்மைப் பேச்சே, மேலே வந்தபின் ஆணுறையை ஒதுக்கவும் சொல்லிக்கொடுத்தது. சுரங்க நிர்வாகமும் தொழிற்சங்கமும் இத்திட்டத்தைத் தம் பொறுப்பாக முழுமனத்துடன் ஏற்கவில்லை என்பதையும் கேம்பெல் ஒளிவின்றிப் பதிவுசெய்தார்.

நகரத்தில் தொற்றைப் பெற்ற கணவன் ஊர் திரும்பி மனைவிக்குக் கொடுக்கிறான் என்ற சித்திரம் பல காலம் கேள்விக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்பட்டது. மார்க் லூரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் குவாசூலு-நாட்டலின் ஊரகப் பகுதிகளில் தம்பதியரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட முடிவுகள் அதைப் பாதி உறுதிசெய்து, பாதி கலைத்தன. புலம்பெயர்ந்த ஆண்களிடம் தொற்று ஏறத்தாழ 26 விழுக்காடு, ஊரிலேயே இருந்தவர்களிடம் அதில் பாதி. எனினும் இருவரில் ஒருவருக்கு மட்டுமே தொற்று இருந்த இணைகளில், பத்தில் ஏறத்தாழ மூன்றில் தொற்று இருந்தது மனைவிக்கு. பணம் வராத மாதங்களையும் தனிமையையும் ஊரில் தனித்து விடப்பட்ட பெண்ணும் கடக்க வேண்டியிருந்தது. பிரிவின் இரு முனைகளிலும் ஆபத்து விளைந்திருக்க, தடுப்புத் திட்டங்கள் நெடுங்காலம் ஒரு முனையை மட்டுமே பார்த்தன.

மருந்துகள் நிலைமையைப் பெரிதும் மாற்றின. ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்க நிறுவனம் 2002இல் தன் தொழிலாளருக்கு ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்தை இலவசமாகத் தர முன்வந்தது. அரசு மருத்துவமனைகளில் அது 2004இல்தான் தொடங்கியது. கிருமியின் பெருக்கத்தை அடக்கும் இம்மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருப்பதால், சிகிச்சையே தடுப்பாகவும் ஆகிவிட்டது. சுரங்கத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸும் எச்.ஐ.வி.யும் ஒருவரிடம் சேரும்போது காசநோயின் ஆபத்து பன்மடங்காகப் பெருகுவதால், சுரங்கத் தொழிலாளருக்கு இம்மருந்து இரட்டிப்புத் தேவை. ஆனால் இதை நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்து எல்லை தாண்டுகிறவனுக்குச் சுரங்க மருத்துவமனையின் கோப்பு கைக்கு வருவதில்லை, மாத்திரை தீரும் நாளும் பேருந்து கிடைக்கும் நாளும் ஒத்துப்போவதில்லை. பல மாத மாத்திரைகளை ஒரே முறையில் கொடுத்தனுப்பும் ஏற்பாடு இதனாலேயே எந்தச் சுவரொட்டியையும்விட மதிப்புள்ளது. தொற்று இல்லாதவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் லெனகாபவிர் என்ற தடுப்பு ஊசியும் இவ்வகையில் கவனத்துக்குரியது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் பெற்ற ஈராயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று 2024இல் அறிவிக்கப்பட்டது.

விடுதிகளைப் பொறுத்தவரை, அறைக்கு ஒருவர் அல்லது குடும்பக் குடியிருப்பு என்ற இலக்கை 2014க்குள் எட்ட வேண்டும் என்று 2010இல் திருத்தப்பட்ட அரசின் சுரங்கச் சாசனம் வலியுறுத்தியது. இடையில் பல நிறுவனங்கள் வெளியே தங்கப் படி கொடுத்துத் தம் கடமையை முடித்துக்கொண்டன. அந்தப் படியில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத தகரக் கொட்டகைகளில் தொழிலாளர்கள் குடியேறினர்.

தங்கச் சுரங்கங்களில் 1980களின் நடுவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். இன்று 1 லட்சம் பேர்கூட இல்லை. ஆண்கள் வேலையிழந்து திரும்பிய லெசோத்தோவில், கிராமங்களிலிருந்து தலைநகர் மசேருவின் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் புலம்பெயர்வது இப்போது பெரும்பாலும் பெண்களே. வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தொற்றுள்ள அந்நாட்டில், 2006இல் தொடங்கிய ஒரு கூட்டுத் திட்டம் சோதனையையும் மருந்தையும் தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்து, கூலியை இழக்காமல் சிகிச்சை பெற வழிசெய்தது. பிற்பாடு அந்நாட்டின் எச்.ஐ.வி. சிகிச்சைப் பணி பெருமளவுக்கு அமெரிக்க உதவியைச் சார்ந்து நின்றது. அத்தொழிற்சாலைகளின் ஆடைகளுக்கும் அமெரிக்காவே பெரிய சந்தை. 2025 ஜனவரியில் அந்த உதவி நிறுத்திவைக்கப்பட்டது. ஏப்ரலில் லெசோத்தோவின் ஏற்றுமதிக்கு 50 விழுக்காடு வரி அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வரி 15 விழுக்காடாகக் குறைக்கப்படுவதற்குள் கொள்முதல் ஆணைகள் குறைந்து ஆட்குறைப்பு தொடங்கிவிட்டிருந்ததால், மசேருவின் தையல் தொழிலாளர்களில் பலர் வேலையைத் தேடி மீண்டும் தென்னாப்பிரிக்காவின் பக்கம் பார்க்க வேண்டியதாயிற்று.