உறங்காத பிள்ளையின் கோபம்

ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு கரை சேரும் நாளில் குளச்சல் வீடுகள் சீக்கிரம் உறங்குவதில்லை. பல நாள் கழித்து அப்பாவைப் பார்க்கும் பிள்ளையை எட்டு மணிக்குப் படுக்கச் சொல்ல எந்த அம்மாவுக்கு மனசு வரும்? மறுநாள் பெரும்பாலான பிள்ளைகள் கொட்டாவியோடு பள்ளியில் சமாளித்துவிடுவார்கள். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைக்கு அது பெரும்பாடு. செருப்பு வார் மாட்டவில்லை என்றால் அலறுவான். பென்சில் கேட்டவனை அடித்துவிடுவான். ஊர் அதைத் திமிர் என்கிறது. வளர்ப்பு சரியில்லை என்ற பழி அம்மாவின் தலையில் விழுகிறது. அநியாயமான பழி அது.

பொங்கும் கோபத்தை ஆற்றுவதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது முதிரச் சில ஆண்டுகள் தாமதமாகிறது. உறக்கம் குறைந்தால் தளர்வதும் அதே பகுதிதான். போதாததற்கு, உறக்கத்தை அழைத்துவரும் மெலடோனின் சுரப்பும் பலருக்குப் பிந்தியே தொடங்குகிறது. பத்து மணிக்கும் புரண்டுகொண்டிருப்பவன் வேண்டுமென்று அடம்பிடிக்கவில்லை.

மாண்ட்ரியாலில் ரெயூட் க்ரூபர் குழு உறக்க நேரம் பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வில் கலந்துகொண்ட 34 பேரும் இக்கோளாறு இல்லாத சாதாரணக் குழந்தைகள். அவர்களில் ஒரு பிரிவினருக்குத் தினமும் அரை மணிக்கும் குறைவாகவே உறக்கம் கூடியது. அதற்கே அவர்களின் உணர்ச்சிக் கொந்தளிப்பு தணிந்ததை ஆசிரியர்கள் கவனித்தார்கள். யார் கூடுதலாக உறங்கினார்கள் என்பது அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாது. 2015இல் ஆஸ்திரேலியாவில் ஹாரியட் ஹிஸ்காக் குழு ஏடிஎச்டி உள்ள 244 குழந்தைகளை ஆராய்ந்தது. உறக்கப் பழக்கம் குறித்து இரண்டு சந்திப்பும் ஒரு தொலைபேசி அழைப்பும் பெற்ற குடும்பங்களில், உறக்கச் சிக்கல்களோடு கோளாறின் அறிகுறிகளும் ஓரளவு குறைந்தன.

ஆகவே வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இரவுதான். சாயங்காலக் கட்டன்சாயா வேண்டாம். படுக்கைக்குப் போன் வரக்கூடாது. விடுமுறையானாலும் எழும் நேரம் மாறக்கூடாது. குறட்டை, கால்களில் ஓயாத அமைதியின்மை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டான்சில் வீக்கமோ இரும்புச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். ஏடிஎச்டி மருந்தைத் தாமதமாகக் கொடுத்தாலும் உறக்கம் தள்ளிப்போகலாம். எந்த நேரத்தில் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் இந்தக் கோளாறும் உண்டு. பள்ளிக்கு வரும் குழுவிடமே பேசலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கம்தான்.

குளச்சல் உள்ள மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், பள்ளியும் திறந்திருக்கும். படுக்கும் நேரத்தை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பழகிக்கொள்ள அந்த இரண்டு மாதம் போதும்.