பழைய மினி எஞ்சினுக்குப் புதிய கேம் சாஃப்ட்: தெரிவில் கவனிக்க வேண்டியவை

பழைய மினி கூப்பர் காரொன்றைத் தேடிப் பெற்ற இளைஞர் கராஜில் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ‘ரேஸ் கேம்’ பூட்டினால் கார் எவ்வளவு வேகம் போகும் என்பதாகும். ஆசை இயல்பானதே. ஆயினும் தனிப்பட்ட பாவனைக்கான கார் இறக்குமதி 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை இடைநிறுத்தப்பட்டிருந்த நாடு இது. அதன் பின்னரும் தீர்வைச் சுமை சாமானியரின் சக்திக்கு அப்பாற்பட்டதாகவே உள்ளது. இந்நிலையில் நல்லதொரு பழைய எஞ்சினைத் தவறான தெரிவினால் பாழாக்குவது சிறிய இழப்பன்று. எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

மினியின் எஞ்சின் பி.எம்.சி. ஏ-தொடர் என அறியப்படுவது. 1951 இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடன் அறிமுகமான இது, 1964 இல் கூப்பர் எஸ் காரில் 1275 ஆக வளர்ந்தது. எம்மவருக்கு நன்கு பரிச்சயமான மொறிஸ் மைனரும் 1952 முதல் இதே குடும்பத்து எஞ்சினையே தாங்கிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியமை பலருக்கு நினைவிருக்கும். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாக இருந்தமை அதற்குத் துணை செய்தது. அமுக்க விகிதம் பற்றிப் பின்னரும் பேச வேண்டியுள்ளது.

கிராங் சாஃப்ட் இரு முறை சுழலும்போது கேம் சாஃப்ட் ஒருமுறை சுழலும். அதிலுள்ள முட்டை வடிவ மேடுகளே வால்வுகளைத் திறந்து மூடுகின்றன. வால்வு எவ்வளவு உயர்கின்றது, எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றது என்பவற்றை அம்மேட்டின் வடிவம் தீர்மானிக்கின்றது. அந்த நேரத்தைக் கிராங் சாஃப்டின் பாகைகளில் அளப்பர். சாதாரண 848 மினியில் உள்ளிழுக்கும் வால்வு, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 5 பாகை முன்னர் திறந்து, அடிநிலையைக் கடந்து 45 பாகையில் மூடுகின்றது. மொத்தம் 230 பாகை. பி.எம்.சி. போட்டிகளுக்கென வழங்கிய ‘649’ கேம் சாஃப்டில் அவை முறையே 50 உம் 70 உம் ஆகும். மொத்தம் 300 பாகை.

இந்த 70 பாகை வேறுபாட்டிலேயே முழுக் கதையும் அடங்கியுள்ளது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது உள்ளே விரையும் காற்று, பிஸ்டன் மேலே திரும்பிய பின்னரும் தன் வேகத்தினாலேயே தொடர்ந்து நுழையும். வால்வு தாமதித்து மூடுவது அப்போது இலாபம். 2,000 சுழற்சியிலோ காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. மேலெழும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை மீண்டும் காபரேற்றரை நோக்கித் தள்ளிவிடும். மேல் வேகத்தில் கிடைக்கும் குதிரைவலுவுக்கான விலை கீழ் வேகத்தில் அறவிடப்படுகின்றது.

ஏ-தொடருக்கு மேலும் ஒரு தனிக் குறை உண்டு. நான்கு சிலிண்டர்களுக்கும் இரண்டே உள்ளிழுக்கும் துவாரங்கள். ஒன்றும் இரண்டும் ஒன்றைப் பகிர, மூன்றும் நான்கும் மற்றையதைப் பகிர்கின்றன. எரியும் வரிசையோ 1-3-4-2. ஆகவே துவாரத்தைப் பகிரும் இரு சிலிண்டர்களும் ஒன்றையடுத்து ஒன்றாகவே கலவையை இழுக்கின்றன. வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருப்பின் ஒன்றின் பங்கை மற்றொன்று பறிக்கும். ஒரே குழாயில் நீர் பெறும் இரு வீடுகளின் நிலைதான். வேறு எஞ்சின்களில் 300 பாகையைச் சமாளித்தவர்கள் மினியில் ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீதியில் நிகழ்வது என்ன? காலி வீதியின் காலை நெரிசலில் கார் இரண்டாம் கியரில் ஊர்கின்றது. நீண்ட கேம் பூட்டிய எஞ்சின் அங்கே உதறும். ஐட்லிங் வேகத்தை 1,000 இற்கு மேல் உயர்த்தினாலே நின்றுவிடாது ஓடும். உள்ளிழுக்கும் வால்வும் புகை வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடுவதால் எரியாத பெற்றோல் புகையோடு வெளியேறும். வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குச் செல்பவருக்கு இது சங்கடமே. அதைவிடப் பாரதூரமானது, சேர்வோ பிரேக் உள்ள கார்களில் எஞ்சினின் வெற்றிடம் குறைவதால் பிரேக்குக்கான உதவியும் குறைவதாகும். விற்பவர் எவரும் இதைச் சொல்லக் காண்பதில்லை.

அவ்வாறாயின் எதைத் தெரிவது? அன்றாடம் ஓடும் காருக்கு 260 முதல் 270 பாகை வரையிலானவை போதும் என்பதே எமது கருத்து. இங்கிலாந்தின் கென்ற் நிறுவனம் திறப்புக் கோணத்தைக் கொண்டே பெயரிட்ட 266, 276, 286 ஆகியவற்றுள் முதலாவது இவ்வகையினது. 276 ஐ 1275 எஞ்சினில் யோசிக்கலாம். 998 இல் அதே கேம் மிகக் கடுமையாக உணரப்படும், ஏனெனில் கொள்ளளவு கூடும்போது கேமின் முரட்டுத்தனம் தணிகின்றது. 286 உம் அதற்கு மேற்பட்டவையும் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றவற்றுக்கு உரியவை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு தயாரிப்பாளரும் மேட்டின் வெவ்வேறு புள்ளியிலிருந்து அளப்பதால், இரு நிறுவனங்களின் பாகைகளை நேரடியாக ஒப்பிட முடியாது. எந்தச் சுழற்சி வேகங்களுக்கென வடிவமைக்கப்பட்டது என்பதைக் கேட்டறிவதே உசிதம்.

இனி அமுக்க விகிதம். வால்வு தாமதித்து மூடினால் உண்மையில் அமுக்கப்படும் கலவை குறையும். அதை ஈடுசெய்ய அமுக்க விகிதத்தை உயர்த்த வேண்டும்; உயர்த்தினால் 92 ஒக்டேன் பெற்றோலில் எஞ்சின் தட்டத் தொடங்கலாம், 95 ஐ நாட நேரிடும். பழைய தலைப்பாகத்தையும் ஒற்றைக் காபரேற்றரையும் அப்படியே விட்டுவிட்டுப் போட்டிக் கேமை மட்டும் பூட்டுபவர், முன்னரிலும் மெதுவான காரையே பெறுவார்.

மினியில் கேம் சாஃப்டை மாற்ற எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். ஆகவே தவறான தெரிவின் கூலியை இருமுறை கொடுக்க நேரும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே டப்பட்டுகள் அனைத்தையும் புதிதாக இடுவது அவசியம். பழைய டப்பட் பழைய மேட்டின் தேய்மானத்துக்குப் பழகியது. புதிய மேட்டை அது சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். வால்வு ஸ்பிரிங்குகள் புதிய உயர்வைத் தாங்குமா என்பதையும், தளர்ந்த டைமிங் செயினையும் கவனிக்க வேண்டும். செயினில் தளர்வு இருந்தால் எவ்வளவு சிறந்த கேமும் சில பாகைகள் பிந்தியே வேலை செய்யும்.

மினியின் கியர் பெட்டி எஞ்சினின் அடியில் அமைந்து அதே ஒயிலையே பயன்படுத்துகின்றது. அரிக்கப்பட்ட மேட்டின் இரும்புத் துகள்கள் நேரே கியர்களுக்கும் பெயாரிங்குகளுக்கும் செல்லும். நவீன ஒயில்களில், புகை சுத்திகரிப்பானைப் பாதுகாக்கும் பொருட்டு, இவ்வகை டப்பட்டுகளைக் காக்கும் துத்தநாக-பொசுபரசுச் சேர்க்கை குறைக்கப்பட்டுள்ளது. பழைய எஞ்சின்களுக்கென அச்சேர்க்கை கூடுதலாக உள்ள ஒயிலையே கேட்டு வாங்க வேண்டும். பூட்டும்போது மேடுகளில் அதற்குரிய பசையைத் தடவி, எஞ்சின் உயிர்பெற்றதும் ஐட்லிங்கில் விடாது ஏறத்தாழ 20 நிமிடங்கள் 2,000 சுழற்சிக்கு மேல் ஓட்ட வேண்டும். மெதுவான ஓட்டத்தில் மேடுகளுக்கு ஒயில் போதியளவு தெறிக்காது. அந்த 20 நிமிடங்களுக்குள் டைமிங்கைச் சரிசெய்ய எஞ்சினை நிறுத்தி நிறுத்தி இயக்குவதைத் தவிர்க்க, அதனை முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருத்தல் வேண்டும்.