முதுமையில் மறதியும் வைட்டமின் பி-12 குறையும்

முதியோருக்கு மறதி ஏற்பட்டால் அதனை வயதின் இயல்பென்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயின் சிலரிடத்தில் அதற்கு உணவுக் குறையே காரணமாதல் உண்டு. அவற்றுள் நம் நாட்டில் முக்கியமானது வைட்டமின் பி-12 குறையாகும்.

1948-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்ட இச்சத்து நாளொன்றுக்குச் சுமார் 2 மைக்ரோகிராமே தேவை. எனினும் அஃதின்றேல் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள உறை சிதையும். நுண்ணுயிர்களே இதனை ஆக்குகின்றன. தானியத்திலும் பருப்பிலும் காய்கறியிலும் இது இல்லை. எனவே மரக்கறி உண்போர்க்குப் பாலும் தயிருமே புகல். ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய 0.8 மைக்ரோகிராம் உண்டு. தேநீரிற் கலக்கும் சிறிது பாலும், நீர்மோரும் அதற்கு ஈடாகா. மேலும், முதுமையில் இரைப்பை அமிலம் குன்றுவதால், உண்ட உணவிலிருந்தும் இச்சத்து போதிய அளவு பிரிவதில்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்வோர்க்கும் இக்குறை நேரலாம்.

கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை வெளிப்படப் பல ஆண்டுகள் செல்லும். பின்னர் கால் மரத்தல், தள்ளாட்டம், மறதி, மனக்குழப்பம் ஆகியவை தோன்றும். இரத்தசோகை இன்றியும் இவை வரலாம். மாத்திரை வழங்கும் பணியாளர் ஒன்றை நினைவிற் கொள்க: ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் சோகை நீங்கும், நரம்புக்கேடோ மறைவாக வளரும்.

அல்சைமர் நோயை பி-12 மாற்றாது. ஆயினும் குறை இதுதானா என்பதை இரத்தச் சோதனை காட்டும். காலத்தே ஊசியோ மாத்திரையோ அளித்தால் பெரும்பாலும் குணம் தெரியும். தாமதித்தால் கேடு முற்றிலும் மீளாது. வீடுகளுக்குச் செல்வோர், அங்கு எத்தனை லிட்டர் பால் வாங்குகின்றனர் என்று வினவுதல் போதாது. அதில் அம்முதியவர் அருந்துவது எவ்வளவு என்றே வினவுதல் வேண்டும்.