வயலில் ஓட்டத் தெரிந்தால் போதுமா?

ஓமலூர் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கைச் சேகோ ஆலைக்கும், கரும்பை வெல்ல ஆலைக்கும், காய்கறியைச் சந்தைக்கும் கொண்டு சேர்ப்பதற்கு டிராக்டரும் டிரெய்லரும் பெரிதும் பயன்படுகின்றன. சொந்த வண்டி இல்லாத சிறு விவசாயியும் வாடகைக்குப் பிடித்து அனுப்புகிறார். வயலை விட்டால் ஊர்ச் சாலை. அதை விட்டால் சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை. நன்றாக உழுபவர் சாலையிலும் நன்றாக ஓட்டுவார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இது சரியல்ல. வயலில் உதவும் சில பழக்கங்களே சாலையில் ஆபத்தாக முடிகின்றன.

இரண்டு பிரேக் மிதிகள்

டிராக்டரின் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. உழும்போது வரப்போரம் குறுகிய இடத்தில் திரும்ப ஒரு மிதியை மட்டும் அழுத்துகிறோம். சாலையில் வேகமாகச் செல்லும்போது ஒரு மிதி மட்டும் அழுந்தினால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொள்ளும். வண்டி அப்பக்கமே வெட்டித் திரும்பிக் கவிழும். ஆகவே வயலை விட்டு ஏறுமுன் இரண்டு மிதிகளையும் இணைக்கும் கொக்கியை மாட்டிவிட வேண்டும். மாட்டிய பின் மெதுவாக ஓட்டி, பிரேக் இருபுறமும் சமமாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பாரமும் இறக்கமும்

நம் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் இல்லை. டிராக்டர் நின்றாலும் பின்னால் உள்ள பாரம் முன்னே தள்ளும். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்தபடி உருள விடுவதும் உயிருக்கு உலை வைக்கும். இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்ற முயலக் கூடாது.

சேற்றில் சிக்கிய டிரெய்லரை இழுக்கும்போதும் கவனம் தேவை. சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் ஓரிரு நொடிகளில் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும், குதிக்க நேரமிருக்காது. கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கிளட்சை மெதுவாக விட வேண்டும். ஓட்டுபவர் நசுங்காமலிருக்க இருக்கையைச் சுற்றிப் பாதுகாப்புச் சட்டம் அமைப்பதை ஸ்வீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. அங்கு கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது.

பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்

டிராக்டர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பின்னால் வரும் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். இடையே உள்ள 100 மீட்டர் தூரம் சுமார் 7 நொடிகளில் தீர்ந்துவிடும். இருட்டில் விளக்கில்லாத டிரெய்லரைக் கார்க்காரர் கடைசி நேரத்தில்தான் காண்பார். எனவே டிரெய்லரின் பின்னே சிவப்பு விளக்கும், சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டையும் இருக்க வேண்டும். சேறு படிந்தால் பட்டை ஒளிராது, புறப்படுமுன் துடைத்துவிடுங்கள். கரும்போ வைக்கோலோ தொங்கி விளக்கை மறைக்கலாகாது. சுற்றிப் போகும் தொலைவை மிச்சப்படுத்த நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் ஓட்டுவது, மிச்சமாகும் டீசலுக்கு உயிரை ஈடு வைப்பதாகும்.

யார் ஓட்டலாம்?

வெறும் எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இலகுரக வாகனம். ஓட்டுபவருக்கு 18 வயது நிரம்பி, உரிமம் இருக்க வேண்டும். முதலில் எல்.எல்.ஆர். பெற வேண்டும், அது 6 மாதம் செல்லும். 30 நாட்களுக்குப் பின் ஓட்டிக் காட்டி உரிமம் பெறலாம். வயது வராத பையனிடம் வண்டியைக் கொடுத்து அவன் சாலைக் குற்றம் செய்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

மட்கார்டில் ஆள் ஏற்றுவதை அறவே விட்டுவிட வேண்டும். அங்கிருந்து வழுக்கினால் பின்சக்கரத்தின் அடியில்தான் விழ வேண்டும். அப்படி வருபவருக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் அரிது. களை எடுக்கும் பெண்களை டிரெய்லரில் நிறைத்து அனுப்புவதும் கூடாது.

விபத்து நேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு நிர்ணயித்த வரம்புக்குள், கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். பணத்தை எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

புதிதாகப் பழகுவோர் முதலில் தரிசு நிலத்தில், வெறும் டிரெய்லருடன் பின்னோக்கி ஓட்டவும், வளைவில் திரும்பவும் நன்கு பழகிய பிறகே பாரம் ஏற்ற வேண்டும். வண்டியை வாடகைக்குப் பிடிப்பவரும் ஓட்டுநரிடம் உரிமம் இருக்கிறதா, பிரேக் கொக்கி மாட்டியிருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே மூட்டையை ஏற்ற வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.